கழுத்துக்கு நாற்பது நொடி

ஜனவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ, அத்தான், அம்மா, உன் மகள் வாலு எல்லோரும் சுகம்தானே. வாலுவுக்கு முன்பல் முளைத்துவிட்டதா?

போனில் பேசினால் ஒரே நிமிடத்தில் வைத்துவிடுகிறேன் என்று போன மாதம் கோபித்துக்கொண்டாய். அதனால்தான் எழுதுகிறேன். எழுதினால் நீ நடுவில் புகுந்து திட்ட முடியாது என்பதும் ஒரு காரணம்.

டாக்டர் லைசென்ஸ் தேர்வில் மறுபடியும் ஃபெயில், அக்கா. மூன்று தடவைதான் உட்கார விடுவார்கள். இரண்டு போய்விட்டது. ஜூனில் நடப்பதுதான் கடைசி. அதிலும் கோட்டைவிட்டால் வெளிநாட்டில் நான் படித்த படிப்புக்கு இந்த நாட்டில் மதிப்பு கிடையாது. இதே கிளினிக்கில் அடுத்தவர் கையெழுத்துக்குக் காத்துக்கொண்டு பிரஷர் பார்க்கும் ஆளாகவே கிடக்க வேண்டியதுதான்.

பாடம் தெரியாமல் போகவில்லை. நேரத்தில் போகிறது. ஒரு அறைக்கு எட்டு நிமிடம். உள்ளே நோயாளியாக நடிப்பவர் ஒருவர், மூலையில் மதிப்பெண் போடும் தேர்வாளர். தொட்டு, தட்டி, கேட்டு, கடைசியில் நோயாளிக்கு விளக்கிச் சொல்லி முடிக்க வேண்டும். மணி அடித்துவிட்டால் பாதி வார்த்தையில் நிறுத்திவிட்டு வெளியே வந்துவிட வேண்டும். வயிற்று அறையில் நான் கல்லீரலைத் தேடிக்கொண்டிருந்தபோதே மணி. நரம்பு அறையில் முழங்காலில் தட்டுகிற சுத்தியலோடு நிற்கும்போது மணி. இன்னொரு அறையில் அந்த அம்மாவைப் படுக்கவைத்து, உட்காரவைத்து, மறுபடி படுக்கவைத்து, அவரே களைத்துப்போய்விட்டார்.

நீ உங்கள் மருத்துவக் கல்லூரியில் மாணவர்களுக்கு நோயாளியாக நடிக்கிறாய். தினம் எத்தனை பேர் உன்னைத் தட்டிப் பார்க்கிறார்கள். நேரத்துக்குள் முடிக்கிறவன் எப்படி முடிக்கிறான் என்று சொல்லேன்.

அம்மாவிடம் ஃபெயில் என்று சொல்லாதே. ரிசல்ட் தள்ளிப்போகிறது என்று சொல்.

உன் தம்பி

—

ஜனவரி 21

ஆமையாருக்கு அக்கா எழுதுவது,

எல்லோரும் நலம். வாலுவுக்குப் பல் முளைத்துவிட்டது, வாயும் கூடவே முளைத்துவிட்டது. நீ வேளாவேளைக்குச் சாப்பிடுகிறாயா? சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் மணிக்கணக்கில் உட்கார்ந்திருந்தவனுக்கு ஆமை என்று பேர் வைத்தது நான்தான். அந்தப் பேர் பரீட்சை வரைக்கும் துரத்தும் என்று தெரிந்திருந்தால் முயல் என்று வைத்திருப்பேன்.

அம்மாவிடம் நீ சொன்னபடியே சொன்னேன். நம்பின மாதிரி காட்டிக்கொண்டார்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் முழுக்க எனக்கு நெஞ்சுவலி. இந்த வாரம் மஞ்சள் காமாலை. மாதக் கடைசிக்குள் எல்லா வியாதியும் வந்து, ஒன்றும் செய்யாமல் போய்விடும். கட்டிலில் கிடந்து பார்க்கிறவளுக்குத் தெரிவதைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

முடிக்கிறவன் வேகமாகச் செய்கிறவன் இல்லை. என்னை ஒரே ஒரு தடவை படுக்கவைக்கிறவன். உட்கார்ந்து பார்க்க வேண்டிய எல்லாவற்றையும் முதலில் முடித்துவிடுவான், பிறகுதான் "கொஞ்சம் படுங்கம்மா" என்பான். கை கழுவும்போது சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்க மாட்டான், அப்போதே பேச்சுக்கொடுப்பான். கதவில் ஒட்டிய தாளில் நெஞ்சைப் பார் என்றிருந்தால் காலைப் போய்த் தட்ட மாட்டான். கடைசி இரண்டு நிமிடத்தில் கையை எடுத்துவிட்டு என் முகத்தைப் பார்த்துப் பேசுவான். கோட்டைவிடுகிறவர்கள் எல்லாம் கடைசி வரைக்கும் எதையோ தேடிக்கொண்டே இருப்பவர்கள். உன்னைப் போல.

இதெல்லாம் படித்து வராது. பிப்ரவரியில் லீவு போட்டுவிட்டு இங்கே வா. இருக்கவே இருக்கிறது என் உடம்பு, பழகிக்கொள். சாக்குச் சொல்லாமல் வா. எனக்கும் நீ வந்தால் நன்றாக இருக்கும்.

அன்புடன்
அக்கா

—

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நல்லபடியாக வந்து சேர்ந்தேன். அம்மா கட்டிக்கொடுத்ததை வழியிலேயே காலி செய்தேன். அங்கே எல்லோரும் நலமா?

உங்கள் வீட்டில் இருந்த அந்த ஒரு வாரம் எனக்கு ஒரு வருடப் படிப்புக்குச் சமம். சோபாதான் கட்டில், அத்தான்தான் தேர்வாளர், வாலுதான் மணி. சைக்கிள் பெல்லைக் கழற்றிக்கொண்டு வந்து என் காதோரம் அடித்தாளே, அந்தச் சத்தம் இப்போதும் கேட்கிறது. அத்தான் மூஞ்சியை உம்மென்று வைத்துக்கொண்டு எனக்கு மைனஸ் மார்க் போட்டதை மட்டும் மன்னிக்க மாட்டேன்.

முதல் நாள் நெஞ்சைப் பார்க்கவே பன்னிரண்டு நிமிடம் ஆனது. கிளம்பும்போது ஏழுக்குள் வந்துவிட்டது. கழுத்து அறையில் கை, கண், நாடி எல்லாம் பார்க்க வேண்டும், கழுத்துக்கு மட்டும் நாற்பது நொடி. பின்னால் போய் நின்று, விரல்களை வைத்து, ஒரு மடக்கு தண்ணீர் விழுங்கச் சொல்லி, "நார்மல்" என்று தேர்வாளர் காதில் விழும்படி சொல்லி, அடுத்ததற்குப் போய்விட வேண்டும். இப்போதெல்லாம் கை போய்ச் சேருவதற்கு முன்பே வாய் நார்மல் என்கிறது. அந்த அளவுக்குப் பழகிவிட்டது.

ஒன்றுதான் புரியவில்லை. எனக்கு நரம்பில்தான் இடிக்கிறது என்று உனக்குத் தெரியும். நீயோ கழுத்தைப் பார், கழுத்தைப் பார் என்று மூன்று தடவை செய்யச் சொன்னாய். "என்கிட்ட ஒண்ணும் கேக்க மாட்டியாடா?" என்று வேறு கேட்டாய். கழுத்து அறைத் தாளில் பரிசோதனை செய் என்று மட்டும்தான் இருக்கும், அக்கா. கேள்வி கேட்க ஆரம்பித்தால் ஒரு நிமிடம் அம்பேல். நீ கல்லூரியில் பார்ப்பது வேறு, இது வேறு.

தேர்வுத் தேதி ஜூன் 11 என்று வந்துவிட்டது. கேலண்டரில் வட்டம் போட்டுவிட்டேன்.

உன் ஆமை

—

ஏப்ரல் 1

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ எப்படி இருக்கிறாய்?

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. கல்லூரியில் பரீட்சைக் காலம். அங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன், உனக்கு உதவும்.

என்னோடு வேலை செய்கிற ஒருத்தி இருக்கிறாள். எப்போதும் தலைவலி வேஷம் கொடுப்பதால் அவளுக்குத் தலைவலிக்காரி என்றே பேர். போன மாதம் அவளுக்குக் கழுத்து அறை. காலையிலிருந்து பிள்ளைகள் வரிசையாக வருகிறார்கள், விரல் வைக்கிறார்கள், நார்மல் என்கிறார்கள், போகிறார்கள். நடுவில் ஒரு மாணவி வந்தாள். கை சில்லென்று இருக்கிறது என்று தேய்த்துச் சூடாக்கிவிட்டுத்தான் வைத்தாள். இடது பக்கம் வந்ததும் விரல் நின்றுவிட்டது. "இன்னொரு வாய் தண்ணி குடிங்க," என்றாள். தலைவலிக்காரி குடித்தாள். "இன்னொரு வாய்." தண்ணீர் தீர்ந்துபோய் அந்த மாணவியே போய்ப் பிடித்துக்கொண்டு வந்தாள். தேர்வாளர் தொண்டையைச் செருமுகிறார். அவள் காதில் ஏறவே இல்லை. "இது உங்களுக்கு எத்தனை நாளா இருக்கு?" என்று கேட்டாள். தலைவலிக்காரி தேர்வாளரைத் திரும்பிப் பார்த்தாள். எழுதிக்கொடுத்த வசனத்தில் அந்தக் கேள்வியே கிடையாது.

மணி அடித்துவிட்டது. செய்ய வேண்டியதில் பாதியைக்கூட அந்தப் பெண் தொடவில்லை. போகும்போது, "மறக்காம யார்கிட்டயாவது காட்டுங்க," என்றாள். அதற்கும் தேர்வாளரிடம் திட்டு வாங்கினாள். அந்த அறையில் ஃபெயில். வராண்டாவில் உட்கார்ந்து அழுதாளாம்.

நீ அந்த இடத்தில் இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? யோசித்து எழுது.

அக்கா

—

ஏப்ரல் 6

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல். நரம்பு அறை ஏழரை நிமிடத்துக்கு வந்துவிட்டது. இனிப்பு வாங்கி நானே சாப்பிட்டேன்.

அந்தப் பெண்ணை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது, ஆனால் செய்தது அசட்டுத்தனம். "இடது பக்கம் சின்னதா ஏதோ தட்டுப்படுது, ஸ்கேன் பண்ணிப் பாக்கணும்," என்று ஒரே வரியில் சொல்லிவிட்டு அடுத்ததற்குப் போயிருக்க வேண்டும். நாலு நொடி வேலை. தேர்வு என்பது நோயாளியைக் குணப்படுத்துகிற இடம் இல்லை, குணப்படுத்தத் தெரியும் என்று காட்டுகிற இடம். போதாக்குறைக்கு, நடிக்க வருகிறவர்களுக்கு ஒன்றும் இருக்காது என்பது எல்லோருக்கும் தெரிந்தது. இல்லாததைத் தேடிப் போய் மாட்டிக்கொள்ளக் கூடாது என்று நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

நானாக இருந்தால் நார்மல் என்று சொல்லிவிட்டுப் போயிருப்பேன். நாற்பது நொடி.

இது போல வேறு ஏதாவது நடந்தாலும் எழுது. சுவாரசியமாக இருக்கிறது.

உன் ஆமை

பி.கு.: தலைவலிக்காரி டாக்டரிடம் காட்டினாளா?

—

ஏப்ரல் 27

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? என் போன கடிதம் கிடைத்ததா இல்லையா?

இரண்டு தடவை போன் செய்தேன். அத்தான்தான் எடுத்தார். ஞாயிற்றுக்கிழமை நீ வேலைக்குப் போயிருக்கிறாய் என்றார். கல்லூரி என்றைக்கு ஞாயிற்றுக்கிழமை திறந்தது? வாலுவிடம் கொடுங்கள் என்றால் தூங்குகிறாள் என்கிறார். மாலை ஐந்து மணிக்கு அவள் தூங்கினால் அதைப் பேப்பரில் போட வேண்டும்.

என் மேல் ஏதாவது கோபமா? கோபம் என்றால் திட்டி எழுது. பரீட்சை நேரத்தில் நீ பேசாமல் இருந்தால் எனக்குக் கை ஓடவில்லை.

தம்பி

—

மே 5

அன்புத் தம்பிக்கு,

கோபமெல்லாம் ஒன்றும் இல்லை. தொண்டை கொஞ்சம் சரியில்லை, அதனால்தான் போனுக்கு வரவில்லை. கல்லூரியிலும் கூடுதல் வேலை. நீ இதையெல்லாம் மனதில் போட்டுக்கொள்ளாதே.

படுக்கவைப்பது ஒரே தடவை, கடைசி இரண்டு நிமிடம் பேச்சு. மறக்காதே. தேர்வுக்கு முதல் நாள் புதிதாக எதையும் படிக்காதே. நகத்தை வெட்டிக்கொண்டு போ.

தலைவலிக்காரியைக் கேட்டிருந்தாய். காட்டிவிட்டாள். கழுத்தில் ஊசி விட்டு எடுத்துப் பார்த்தார்கள். வலி ஒன்றும் பெரிதாக இல்லை, ஆனால் விழுங்கக் கூடாது என்று சொல்லிவிடுகிறார்கள். வேண்டாம் என்று சொன்ன பிறகுதான் வாய் நிறைய எச்சில் ஊறுகிறது. ஆபரேஷன் செய்ய வேண்டுமாம். உடனே செய்யலாம் என்றார்கள், அவள்தான் ஜூன் 20க்குத் தள்ளிப்போட்டிருக்கிறாள்.

அம்மா உனக்காக வேண்டிக்கொண்டிருக்கிறார். நன்றாகச் செய்.

அக்கா

—

மே 10

அக்கா,

உன் கடிதத்தைப் படித்துவிட்டுக் கிளினிக்கில் ஒரு வேலையும் ஓடவில்லை. நலம் விசாரிக்கிற நிலைமையில் நான் இல்லை. நீயும் உன் கடிதத்தில் எல்லோரும் நலம் என்று எழுதவில்லை, கவனித்தாயா?

தலைவலிக்காரிக்கும் என் பரீட்சைக்கும் என்ன சம்பந்தம்? ஜூன் 11 முடிந்து ஒன்பது நாள் கழித்து எதற்கு அவள் தேதி வாங்க வேண்டும்? ஊசி விடும்போது வாயில் எச்சில் ஊறியது உனக்கு எப்படித் தெரியும்?

அது நீதானே.

இரண்டு விஷயம் கேட்கிறேன், சுற்றி வளைக்காமல் பதில் சொல். ஒன்று, ஊசி ரிசல்ட் என்ன? இரண்டாவது, பிப்ரவரியில் நான் உன் கழுத்தில் கை வைத்தபோது அது அங்கே இருந்ததா? மூன்று தடவை பார்த்தேன். மூன்று தடவையும் நார்மல் என்றேன். அந்தப் பெண் கண்டுபிடித்தது அடுத்த மாதமே. ஒரு மாதத்தில் புதிதாக வளர்ந்துவிடுமா?

எனக்காக ஆபரேஷனைத் தள்ளிப்போட உனக்கு யார் உரிமை கொடுத்தது? உடனே தேதியை மாற்று. இல்லாவிட்டால் பரீட்சையைத் தூக்கிப் போட்டுவிட்டு அங்கே வந்து உட்கார்ந்துவிடுவேன். இது சும்மா மிரட்டல் இல்லை.

தம்பி

—

மே 15

அன்புத் தம்பிக்கு,

கத்தாதே. அம்மாவுக்கு இன்னும் தெரியாது. உன் கடிதத்தை அத்தான் கையில்தான் கொடுத்துப் படிக்கச் சொன்னேன்.

நான்தான். கேன்சர்தான். ஆனால் மெதுவாக வளர்கிற வகை, தைராய்டு சுரப்பியின் இடது பாதியை எடுத்துவிட்டால் போதும் என்கிறார்கள். தேதியை மே 28க்கு மாற்றிவிட்டேன், திருப்தியா? மூன்று நாளைக்கு மேல் நீ இங்கே தங்கக் கூடாது. வந்தால் பார்த்துவிட்டுக் கிளம்பிவிட வேண்டும். அந்த ஒப்பந்தத்துக்குச் சம்மதித்தால் மட்டும் வா.

நீ கேட்ட இரண்டாவது விஷயம். பிப்ரவரியில் அது இல்லை. டாக்டரிடமே கேட்டேன், அப்புறம் வந்ததுதான் என்றார். நீ சரியாகத்தான் பார்த்தாய். நார்மலாக இருந்ததை நார்மல் என்றாய். இதை மனதில் வைத்துக்கொண்டு தேர்வு அறைக்குள் போகாதே. உன் கை நல்ல கை.

அக்கா

—

ஜூலை 4

அன்புள்ள அக்காவுக்கு,

தையல் ஆறிவிட்டதா? குரல் திரும்ப வந்ததா? இன்னும் கரகரப்பாகத்தான் இருக்கிறது என்று அத்தான் சொன்னார். மாத்திரையை வேளை தவறாமல் சாப்பிடு.

நேற்று ரிசல்ட் வந்தது. பாஸ். அம்மாவிடம் இந்த முறை உண்மையையே சொல்லலாம். கையெழுத்துப் போட இனி நான் யாரிடமும் போய் நிற்க வேண்டாம். துள்ளிக் குதிக்க வேண்டிய நாள், ஆனால் உன்னிடம் ஒன்றைக் கேட்காமல் எனக்கு எதுவும் இறங்காது.

உனக்கு ஆபரேஷன் நடந்த அன்று, நீ மயக்கம் தெளியாமல் கிடந்தபோது, சர்ஜனை வராண்டாவில் பிடித்தேன். எவ்வளவு நாளாக இருந்திருக்கும் என்று கேட்டேன். "ரெண்டு வருஷமாவது இருக்கும், தொட்டாலே தெரிஞ்சிருக்கும்," என்றார். யாரும் அதற்கு முன் பார்க்கவில்லையா என்று என்னையே கேட்டார். நான் தலை குனிந்துகொண்டேன். உன்னிடம் காட்டிக்கொள்ளவில்லை. நீ என்னிடம் சொன்ன பொய்யை நான் நம்பினதாக நீ நம்ப வேண்டும் என்று சிரித்துக்கொண்டே கிளம்பி வந்தேன்.

தேர்வில் கழுத்து அறை வந்தது. என் நேரம். உட்கார்ந்திருந்தவருக்கு உன் வயது இருக்கும். பின்னால் போய் நின்றேன், விரல் வைத்தேன். நார்மல் என்கிற வார்த்தை வாய் வரைக்கும் வந்தது, வெளியே வர மறுத்துவிட்டது. மறுபடி பார்த்தேன். அந்தப் பெண் மாதிரியே தண்ணீர் தீரத் தீரக் கொடுத்தேன். கடைசியில், "உங்களுக்கே இங்க ஏதாவது தட்டுப்பட்டிருக்கா?" என்று கேட்டேன். அவர் திரும்பி என்னைப் பார்த்து, "நிஜமாவா கேக்குறீங்க?" என்றார். தேர்வாளர் பேனாவால் மேசையில் தட்டினார். அவருக்கு ஒன்றும் இல்லை, அக்கா. நன்றாகத் தேடி, ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டு, நார்மல் என்றேன். உடனே மணி. அந்த அறையில் மட்டும் நான் ஃபெயில். மற்ற அறைகள் என்னைக் காப்பாற்றிவிட்டன.

ஏன் பொய் சொன்னாய் என்று கேட்கவில்லை, அது தெரியும். அன்றைக்கு ஏன் கழுத்தை மூன்று தடவை பார்க்கச் சொன்னாய்? அதை மட்டும் சொல். எதுவாக இருந்தாலும் தாங்கிக்கொள்வேன்.

உன் தம்பி

—

ஜூலை 19

டாக்டர் தம்பிக்கு,

பாஸ் செய்துவிட்டாய் என்று கேட்டதும் அம்மா தெருவில் போகிறவர்களை எல்லாம் நிறுத்திச் சொன்னார். வாலு சைக்கிள் பெல்லை அடித்துத் தீர்த்துவிட்டாள். நான் கத்த நினைத்தேன், காற்றுத்தான் வந்தது. குரல் மெல்ல வந்துகொண்டிருக்கிறது. தையல் ஆறிவிட்டது. நீ நலமாக இரு.

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிறது. இதை எழுத உட்கார்வதும் எழுந்து போவதுமாக இருந்தேன். நீ தாங்கிக்கொள்வேன் என்கிறாய். சரி.

டிசம்பரிலேயே எனக்குத் தெரியும். குளித்துவிட்டுத் துடைக்கும்போது கையில் தட்டுப்பட்டது. யாரிடமும் சொல்லவில்லை. சொன்னால் நிஜமாகிவிடும் போல இருந்தது. நீ அந்தக் கடிதம் எழுதியதும், இதுதான் சாக்கு என்று உன்னைக் கூப்பிட்டேன். பரிசோதித்துப் பழகும்போது நீயே கண்டுபிடித்துவிடுவாய் என்று நினைத்தேன். ஒவ்வொரு தடவையும் உன் விரல் அதன் மேல்தான் வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தேன். நீ அத்தான் கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நார்மல் என்றாய்.

உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை, அதுதான் வேடிக்கை. சந்தோஷமாக இருந்தது. டாக்டர் தம்பியே சொல்லிவிட்டான், இனி என்ன என்று, பல நாள் கழித்து அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கினேன். அந்தப் பெண் மட்டும் வந்து விரலை நிறுத்தியிருக்காவிட்டால் இன்னும் தூங்கிக்கொண்டுதான் இருந்திருப்பேன்.

உன்னை மட்டும் சொல்லி என்ன. நான் வாயைத் திறந்து "இங்க பாருடா" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். எங்கள் வேலையில் அது கூடாது. கேட்டால் மட்டும்தான் சொல்ல வேண்டும், கேட்காததை நாமாகச் சொன்னால் பிள்ளைகளுக்கு உதவி செய்ததாக ஆகிவிடும். அப்படியே நடித்து நடித்து, சொந்தத் தம்பியிடமும் நீ கேட்பாயா, கேட்பாயா என்று காத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நீ நேரம் இல்லை என்று கேட்கவில்லை. நான் வழக்கம் இல்லை என்று சொல்லவில்லை. ஒரே சோபாவில் இரண்டு பேரும் அவரவர் வேலையை ஒழுங்காகப் பார்த்தோம்.

தேர்வு அறையில் அந்த அம்மாவிடம் கேட்டேன் என்று எழுதியிருக்கிறாயே, அந்த வரியை அத்தானை மறுபடி படிக்கச் சொன்னேன். அந்த அறையில் நீ ஃபெயில் ஆனதை நான் யாரிடமும் குறையாகச் சொல்லப் போவதில்லை.

அடுத்த மாதம் லீவு கிடைத்தால் வா. டாக்டர் எல்லாம் சரியாக இருக்கிறது, ஆறு மாதம் கழித்து வந்தால் போதும் என்கிறார். ஆனால் தினமும் குளித்துவிட்டுத் துடைக்கும்போது கை தானாக வலது பக்கம் போய் நிற்கிறது. ஒன்றும் இல்லை என்றுதான் நினைக்கிறேன். நீ வந்து கேட்கிற வரைக்கும் காத்திருக்காமல் இப்போதே சொல்லிவிடுகிறேன். எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி.

உன் அக்கா